அடிக்கலைல்ல, அப்புறம் என்னம்மா பிரச்சனை?

மகளிர் காவல் நிலையங்கள்ல குடும்ப மனு விசாரிக்கிற மேடங்களுக்கும், அங்க உக்காந்து கவுன்சலிங் குடுக்கறவங்களுக்கும், சமூக நலத்துறையில முடிவெடுக்கற இடத்துல இருக்கறவங்களுக்கும்,

2024 ஆடி மாசம் ஒரு செவ்வாக்கிழமை கையில ரெண்டு பக்க மனுவோட நான் ஒரு மகளிர் ஸ்டேஷனுக்கு வந்தேன். எந்த ஊர் எந்த ஸ்டேஷன்னு இங்க சொல்லப் போறதில்ல, அன்னிக்கு டூட்டில இருந்த ஒருத்தர மாட்டிவிட இத எழுதல, அதுவுமில்லாம நான் இதப் பத்தி வெளிய பேச ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தெரிஞ்ச பொண்ணுங்க நாலஞ்சு பேரு, ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு ஊரு, எனக்கும் இதேதான்டி நடந்துச்சுன்னு சொல்லிட்டாங்க.

மனுவ வாங்கின மேடம் முதல் பக்கத்துல பாதி படிச்சாங்க. அப்புறம் மூணே கேள்வி. "குடிப்பாரா?" இல்ல மேடம். "அடிப்பாரா?" இல்ல மேடம். "வேற பொம்பள சகவாசம் ஏதாச்சும்?" இல்ல மேடம். பேனாவ மூடி வச்சுட்டு, "அடிக்கலைல்ல, அப்புறம் என்னம்மா பிரச்சனை?"ன்னாங்க. கோவமா கேக்கல, எரிஞ்சு விழல, நெசமாவே புரியாமதான் கேட்டாங்க. அந்தப் புரியாமைதான் எனக்கு இத்தன நாளா தூக்கத்த கெடுக்குது.

2014ல எனக்கு கல்யாணம். பொண்ணு பாக்க வந்தப்ப தரகர் எங்கப்பாகிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு, தண்ணி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, வேல விட்டா வீடு வீடு விட்டா வேல, தங்கமான பையன். அத்தனையும் உண்ம. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல மூணு மாசம் போன்ல பேசுவோம், நாலு ரிங் போனப்புறம் எடுத்தா ஏன் லேட்டுன்னு கேப்பாரு, பின்னாடி ஆம்பள கொரல் கேக்குதே யாருன்னு கேப்பாரு, எங்க சித்தப்பாங்கன்னு சொன்னா அவருகிட்ட போன குடுன்னுவாரு. என் ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன், உம்மேல உசுரையே வச்சிருக்காருடின்னா. அம்மாவும் அதத்தான் சொன்னாங்க. எனக்கும் கொஞ்சம் பெருமையாதான் இருந்துச்சு, மறைக்க விரும்பல.

கல்யாணமாகி முதல் வாரம் நான் பாத்த ஒரு விஷயம் சொல்றேன். எங்க மாமனாரு சாப்பிட உக்காந்தாரு, கொழம்புல உப்பு கம்மி போல. ஒரு வார்த்த பேசல. தட்ட ரெண்டு வெரலால முன்னாடி தள்ளிட்டு எந்திரிச்சு போயிட்டாரு. அத்த அந்தத் தட்ட எடுத்துட்டுப் போய் கழுவி வச்சுட்டு அன்னிக்கு ராத்திரி வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கல. என் வீட்டுக்காரரு பக்கத்துலயே உக்காந்து ஒன்னும் நடக்காத மாதிரி சாப்பிட்டுட்டு இருந்தாரு. முப்பது வருஷமா தெனம் பாத்த காட்சி, அவருக்கு அது வீடு, அவ்வளவுதான். நான் அப்ப இத ஒரு எச்சரிக்கையா எடுத்துக்கல, எடுத்துக்கணும்னு யாரும் சொல்லிக் குடுக்கல.

மூத்தவ பொறந்தா. ரெண்டாவதும் பொண்ணு. ஆஸ்பத்திரியில பாக்க வந்தவரு தொட்டில எட்டிப் பாக்கல. அதுக்கப்புறம் சொந்தக்காரங்க யாராச்சும் வீட்டுக்கு வந்தா, "இவளுக்கு ஒழுங்கா ஒன்னும் வராது, புள்ள பெக்கறதுலயும் அப்படித்தான்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் காபி டம்ளர தட்டுல வச்சுக்கிட்டு சிரிச்சிருக்கேன்.

2020 லாக்டவுன்ல அவரு வேல போச்சு. சூப்பர்வைசரா இருந்தவரு ஏழு மாசம் வீட்ல இருந்தாரு, அப்புறம் வேற எடத்துல கொறஞ்ச சம்பளத்துக்கு சேந்தாரு. அந்த நேரத்துல நான் ஒரு ஜவுளிக்கடையில பில்லிங்ல சேந்தேன், ரெண்டு வருஷத்துல என் சம்பளம் அவரோடத தாண்டிருச்சு. பக்கத்து வீட்டக்கா, இனிமே ஒனக்கு கவல இல்லன்னாங்க. ஆனா எனக்கு எல்லாமே மோசமா ஆனது அந்த மாசத்துல இருந்துதான். ஏடிஎம் கார்டு அவருகிட்ட போச்சு. ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி வந்து என் கையில குடுத்தாரு, தெனம் நான் செலவு பண்றத எழுதணும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி காட்டணும். கருவேப்பில 5, பால் 28, பஸ் 10, சின்னவளுக்கு ரப்பர் 3. ஒரு நாள் ரெண்டு ரூபா இடிச்சுச்சு. அந்த ரெண்டு ரூபாய்க்கு ராத்திரி பதினொன்ற வரைக்கும் கேள்வி, யாருக்குக் குடுத்த, ஏன் மறைக்கற, இன்னும் என்னெல்லாம் மறைச்சிருக்க. கொரல ஒசத்தவே மாட்டாரு. மெதுவா, பொறுமையா, திருப்பித் திருப்பி அதே கேள்வி. கடசில நான்தான் எதையோ தப்பு பண்ணிருக்கேன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுருச்சு.

கடைல இருக்கும்போது வீடியோ கால் பண்ணுவாரு, போன சுத்திக் காட்டணும். எங்கம்மா வீட்டுக்குப் போனா போய் சேந்த நிமிஷம் லொகேஷன் அனுப்பணும், அப்புறம் அம்மா வீட்டுக்குப் போறதே நின்னு போச்சு, ஏன்னா போயிட்டு வந்தா பேச மாட்டாரு. பேச மாட்டாருன்னா ஒரு நாள் ரெண்டு நாள்னு நெனச்சுக்காதீங்க. ஒரு தடவ 23 நாள். ஒரே வீடு, ஒரே கட்டில், 23 நாள். ஏதாச்சும் வேணும்னா மூத்தவகிட்ட, "உங்கம்மாகிட்ட தண்ணி கொண்டாரச் சொல்லு"ன்னுவாரு, நான் ரெண்டடி தள்ளி அடுப்புகிட்ட நிப்பேன். ஏழு வயசுக் கொழந்த ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு சொல்லிச் சொல்லி, ஒரு நாள் ஸ்கூல்ல டீச்சர் கேட்டதுக்கு பதிலே பேசாம நின்னுட்டா. அன்னிக்குதான் நான் மனு எழுத உக்காந்தேன்.

இதெல்லாம் ரெண்டு பக்கத்துல எழுதித்தான் கொண்டு வந்தேன் மேடம். நீங்க பாதிதான் படிச்சீங்க.

அப்புறம் நடந்ததையும் சொல்லிடறேன். அவருக்கு போன் போட்டு மறுநாள் வரச் சொன்னாங்க. அவரு, அத்த, அவங்க பெரியப்பா மகன் ஒருத்தரு, எல்லாரையும் ஒன்னா ஒரே ரூம்ல உக்கார வச்சாங்க, நான் எழுதினத அவங்க முன்னாடியே சத்தமா படிச்சாங்க. கவுன்சலிங் பண்ண வந்தவங்க முதல்ல அவருகிட்ட, "ஏன் சார் இப்படிப் பண்றீங்க?"ன்னு காரணம் கேட்டாங்க. அவரு காரணம் சொன்னாரு. இவ வேலைக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து மரியாத இல்ல, நான் ஒன்னும் கேக்கக்கூடாதா, பொண்டாட்டி எங்க இருக்கான்னு புருஷன் தெரிஞ்சுக்கக்கூடாதா. எல்லாரும் தலையாட்டினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, ஆம்பளைக்கு வேல போனா மனசு அப்படித்தான் இருக்கும், நீங்கதான் புரிஞ்சுக்கணும், ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு, அனுசரிச்சுப் போங்கன்னாங்க. வெள்ளப் பேப்பர்ல, "இனி சண்ட சச்சரவு இல்லாமல் சேர்ந்து வாழ்கிறோம், மேல் நடவடிக்கை தேவையில்லை"ன்னு எழுதி ரெண்டு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க. நாப்பது நிமிஷத்துல முடிஞ்சது.

வீட்டுக்குப் போறதுக்குள்ளயே அவரு அந்தப் பேப்பர போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுட்டாரு. அதுக்கப்புறம் மூணு மாசம் நான் எதுக்கு வாயத் தொறந்தாலும் போன எடுத்து அத எனக்கு படிச்சுக் காட்டுவாரு. உங்க ஸ்டேஷன் பேப்பர்தான் என் வீட்ல என் வாய அடைக்கற கட்டையாச்சு.

இப்ப சட்டத்துக்கு வரேன். நான் வக்கீல் இல்ல, அதுக்கப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். 2005ல கொண்டு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபர் 26ல இருந்து நடைமுறையில இருக்கு. அதோட 3வது பிரிவு உடம்புல விழற அடிய மட்டும் வன்முறைன்னு சொல்லல. அவமானப்படுத்தறது, கேலி பண்றது, மட்டமா பேசறது, அதுலயும் குறிப்பா கொழந்த இல்லன்னோ ஆம்பளப் புள்ள இல்லன்னோ குத்திப் பேசறது, இதெல்லாம் வாய்மொழி, உணர்வு ரீதியான கொடுமைன்னு தனியா எழுதி வச்சிருக்கு. செலவுக்கு இல்லாம பண்றது, சம்பாத்தியத்த கைப்பத்தறது பொருளாதாரக் கொடுமைன்னு அடுத்த வரியிலயே இருக்கு. எங்க வீட்டு கூடத்துல எல்லாரும் சிரிச்ச அந்த ஜோக்கும் ஏடிஎம் கார்டும் பார்லிமெண்ட் போட்ட சட்டத்துக்குள்ள பேரோட இருக்கு, மேடம் கையில இருந்த மூணு கேள்வியில மட்டும் இல்ல.

இன்னொன்னு படிச்சப்ப எனக்கு கை நடுங்கிச்சு. அதே சட்டத்துக்கு 2006ல போட்ட விதிகள்ல 14வது விதி கவுன்சலிங்கப் பத்தினது. கோர்ட் சொல்லி நடக்கற கவுன்சலிங்குக்கான விதிதான், ஆனா அதுல என்ன சொல்லிருக்குன்னா, வன்முறை பண்ணினதா சொல்லப்படறவரு தான் செஞ்சதுக்கு நியாயம் சொல்ல விடக்கூடாது, அப்படி நியாயம் சொல்ல முடியாதுங்கறத கவுன்சலிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவருகிட்ட சொல்லிடணும், இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்னு அவருதான் உறுதி எழுதிக் குடுக்கணும். கோர்ட்டுக்கே இதுதான் முறைன்னா ஸ்டேஷன்ல மட்டும் எப்படி முதல் கேள்வியே அவரோட நியாயமா இருக்க முடியும்? கையெழுத்து எதுக்கு எங்கிட்டயும் வாங்கினீங்க, நான் என்ன தப்பு பண்ணேன்?

ஏன் அந்த மூணு கேள்வி மட்டும் உங்களுக்கு வருதுன்னு நான் யோசிச்சுப் பாத்திருக்கேன். குடி ஒரு பெரிய காரணம், அத யாரும் மறுக்க முடியாது. 2019-21ல எடுத்த அஞ்சாவது தேசிய குடும்ப நல ஆய்வுல, இந்தியா முழுக்க, அடிக்கடி போதையில இருக்கற புருஷன் உள்ள பொண்ணுங்கள்ல 100க்கு 70 பேரு அடியோ பாலியல் வன்முறையோ அனுபவிச்சிருக்காங்க. ஆனா அதே ஆய்வுல, குடிக்கவே குடிக்காத புருஷன் உள்ளவங்கள்லயும் 100க்கு 23 பேரு. குடிக்க மாட்டாருங்கறது நல்ல சர்டிஃபிகேட்னா இந்த 23 பேர எங்க வைக்கறது? அந்த ஆய்வுல புருஷன்கிட்ட வன்முறை அனுபவிச்ச பொண்ணுங்க தமிழ்நாட்டுல 38.1 சதவீதம், இந்திய சராசரி 29.3. நம்ம மாநிலம் சராசரிக்கு மேல இருக்கு. அதுலயும் ஒரு விஷயம் பாருங்க, இந்த 38.1 உடம்பு வன்முறையும் பாலியல் வன்முறையும் மட்டும்தான். மனசுக்கு நடந்தத தனியா கேட்டிருக்காங்க, ஆனா தலைப்புல வர்ற எண்ணுக்குள்ள அது சேராது. அதாவது நான் அந்தக் கணக்குல இல்லவே இல்ல.

அந்த ஆய்வுல கேட்ட கேள்விங்கள நீங்க ஒரு தடவ எடுத்துப் பாக்கணும் மேடம். அடுத்தவங்க முன்னாடி அவமானப்படுத்தினாரா, உங்கள பத்தி உங்களுக்கே மட்டமா தோணற மாதிரி பேசினாரா, உங்களையோ உங்களுக்கு வேண்டியவங்களையோ ஏதாவது பண்ணிடுவேன்னு மிரட்டினாரா. அப்புறம் கட்டுப்படுத்தறதப் பத்தி, வேற ஆம்பளகிட்ட பேசினா கோவப்படறாரா, நடத்தைய சந்தேகப்படறாரா, ஃப்ரெண்ட்ஸ பாக்க விடாம பண்றாரா, பொறந்த வீட்டுத் தொடர்ப கொறைக்கப் பாக்கறாரா, எப்பவும் எங்க இருக்கன்னு தெரிஞ்சாகணும்னு நிக்கறாரா, காசு விஷயத்துல நம்ப மாட்டேங்கறாரா. ஆய்வுக்கு வர்ற பொண்ணு வீடு தேடி வந்து தனியா வச்சுக் கேக்கற கேள்விங்க இது. 2014ல எங்கிட்ட யாராச்சும் கேட்டிருந்தா கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டுக்கு ஆமான்னு சொல்லிருப்பேன்.

என் வாழ்க்கைய இப்ப திரும்பிப் பாத்தா ஆபத்து எங்கெங்க கூடிச்சுன்னு எனக்கு தெளிவா தெரியுது. அப்பா அம்மாவ நடத்தின விதத்த பாத்து வளந்த பையன். ஆரம்பத்துலயே பாசம்ங்கற பேர்ல வந்த சந்தேகம். ரெண்டாவது பொண்ணு. அவரோட வேல போனது, என் சம்பளம் ஏறினது. அம்மா வீடு, ஃப்ரெண்ட்ஸ்னு ஒவ்வொன்னா அறுந்து போனது. வேல போன எல்லா ஆம்பளையும் இப்படி ஆகறதில்ல, எங்க தெருவுலயே அந்த லாக்டவுன்ல ஆறு பேருக்கு வேல போச்சு, அதுல ஒருத்தரு பொண்டாட்டி தைக்கறதுக்கு பட்டன் கட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. வேல போனத ஒரு சாக்கா சொல்லி என்னை அனுசரிக்கச் சொன்னீங்க, ஆனா அது ஒரு எச்சரிக்க மேடம். ஏற்கனவே சந்தேகமும் அதிகாரமும் ஊறிப்போன மனுஷன் கையில இருந்து வருமானமும் போச்சுன்னா அந்த வீட்டுப் பொண்ண அடுத்த மாசமே திரும்பக் கூப்பிட்டு எப்படி இருக்கன்னு கேக்கணும்.

அடி விழாத வரைக்கும் உசுருக்கு ஆபத்து இல்லன்னு நெனைக்காதீங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022ல மட்டும் இந்தியாவுல 25,000க்கும் மேல குடும்பத் தலைவிங்க தற்கொல பண்ணிக்கிட்டாங்க. அவங்கள்ல எத்தன பேரு ஒடம்புல ஒரு காயம்கூட இல்லாம இருந்திருப்பாங்கன்னு அந்தக் கணக்கு சொல்லாது. அந்த 23 நாள்ல ஒரு நாள் சாயங்காலம் நானும் மொட்டமாடிக்குத் துணி எடுக்கப் போய் ரொம்ப நேரம் நின்னுருக்கேன். சின்னவ கீழ இருந்து கூப்பிட்டா, எறங்கி வந்தேன்.

எனக்கு வழி கெடச்சது தற்செயலா. கடையில கூட வேல பாக்கற அக்கா ஒருத்தங்க பொம்பளைங்களுக்கான உதவி எண் 181க்கு போன் பண்ணச் சொன்னாங்க, அவங்க போன்லயே பண்ணேன், மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருப்பாங்க போய் பாருங்கன்னு சொன்னாங்க. கலெக்டர் ஆபீஸ் எங்க ஊர்ல இருந்து ஒன்னேகால் மணி நேரம். போக காசு வேணும்னா நோட்டுல எழுதணும். லேடீஸுக்கு டவுன் பஸ் ஃப்ரீங்கறதால ரெண்டு பஸ் மாறி போயிட்டு வந்தேன், நோட்டுல அந்தப் பயணம் ஏறவே இல்ல. இந்த ஃப்ரீ பஸ்ஸ ஓசின்னு கேவலமா பேசறவங்கள பாத்தா எனக்கு இப்பவும் வயிறு எரியும்.

பாதுகாப்பு அலுவலர் மேடம் என்னைத் தனியா உக்கார வச்சு ஒன்ற மணி நேரம் கேட்டாங்க. சம்பவ அறிக்க எழுதி கோர்ட்டுக்கு அனுப்பினாங்க. நான் அந்த வீட்டுல தங்கறதுக்கு எனக்கு உரிம இருக்கு, கோர்ட்ல பாதுகாப்பு உத்தரவு கேக்கலாம், பொம்பளைங்கறதால வருமானம் பாக்காம இலவச வக்கீல் கெடைக்கும், இதெல்லாம் எனக்கு அன்னிக்குதான் தெரியும். அந்தச் சட்டத்தோட 5வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, புகார் வாங்கற போலீஸ் அதிகாரியே இத்தனையும் அந்தப் பொண்ணுக்கு சொல்லணும். மூணு மாசம் முன்னாடி ஸ்டேஷன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்லிருக்கலாம். கேஸ் இன்னும் நடக்குது, 60 நாளுக்குள்ள முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டத்துல இருக்கு, எனக்கு ஒரு வருஷம் தாண்டிருச்சு. நானும் புள்ளைங்களும் இப்ப எங்கம்மா வீட்ல இருக்கோம். மூத்தவ பேச ஆரம்பிச்சிருக்கா.

1992ல தமிழ்நாட்டுல மகளிர் காவல் நிலையம் ஆரம்பிச்சாங்க. பொம்பளைங்க கஷ்டத்த பொம்பளைங்ககிட்ட தயங்காம சொல்லணும்னு ஆரம்பிச்ச எடம் அது. அந்த நம்பிக்கையிலதான் நானும் வந்தேன், அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்.

மனு குடுக்க வர்ற பொண்ணுகிட்ட அடிச்சாரா குடிச்சாரான்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க. குடும்ப நல ஆய்வுல இருக்கற அந்தக் கேள்விங்கள ஒரு தாள்ல தமிழ்ல அச்சடிச்சு ஒவ்வொரு மகளிர் ஸ்டேஷன் மேசையிலயும் வைங்க, அத ஒவ்வொன்னா கேட்டு பதில எழுதுங்க. கூடவே அவரு வளந்த வீடு எப்படி, சமீபத்துல வேல போச்சா, கர்ப்பமா இருக்கியா, அம்மா வீட்டோட தொடர்பு இருக்கா, காசு யார் கையில, சாகணும்னு தோணிருக்கான்னும் கேளுங்க. மனுவ முழுசா படிங்க.

அவளத் தனியா விசாரிங்க. அவ எழுதினத புருஷன் வீட்டாளுங்க முன்னாடி படிக்காதீங்க. கவுன்சலிங்னு வச்சா, அவரு நியாயம் சொல்றதுக்கான எடம் இது இல்லன்னு முதல்லயே அவருகிட்ட சொல்லிடுங்க. "சேர்ந்து வாழ்கிறோம், மேல் நடவடிக்கை தேவையில்லை"ன்னு அவகிட்ட கையெழுத்து வாங்கறத இன்னியோட நிறுத்துங்க, உறுதிமொழி வேணும்னா அவருகிட்ட மட்டும் வாங்கி அதோட நகல அவகிட்ட குடுங்க.

எந்த மனுவா இருந்தாலும், மனு வாங்கினதுக்கு அத்தாட்சியா ஸ்டேஷன்ல குடுக்கற சிஎஸ்ஆர் ரசீது போட்டு கையில குடுங்க. அது கூடவே பாதுகாப்பு அலுவலர் ஆபீஸ் விலாசம், 181, இலவச சட்ட உதவி எங்க கெடைக்கும்ங்கறது ஒரு துண்டுச் சீட்டுலயாவது இருக்கட்டும், அது பர்ஸுக்குள்ள மடிச்சு ஒளிச்சு வைக்கற அளவுக்கு சின்னதா இருக்கட்டும்.

சமூக நலத்துறைக்கு ஒன்னு. பாதுகாப்பு அலுவலர்கள தாலுகா அளவுலயும் நியமிக்கணும்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலத்துக்கும் சொல்லிருக்கு. எங்க தாலுகாவுக்கு யாரு, எந்த ரூம்ல உக்காருவாங்க, என்னிக்கு இருப்பாங்கன்னு தாலுகா ஆபீஸ் வாசல்லயும் ரேஷன் கடையிலயும் எழுதி ஒட்டுங்க. அடி இல்லாத, மனசுக் கொடும மட்டும் இருக்கற மனு வருஷத்துக்கு எத்தன வந்துச்சு, அதுல எத்தன இப்படி ஒரு பேப்பர்ல எழுதி முடிச்சு அனுப்பினதுங்கற எண்ணிக்கைய தனியா எடுத்து வெளியிடுங்க.

என் மனுவும் அந்த வெள்ளப் பேப்பரும் இன்னும் அந்த ஸ்டேஷன் ஃபைல்லதான் இருக்கும். அத எடுத்து, அதுல நான் போட்ட கையெழுத்து என் சம்மதம் இல்லன்னு எழுதிக் குடுக்க ஒரு வழி பண்ணிக் குடுங்க. எப்ப வரச் சொன்னாலும் வரேன்.

இப்படிக்கு,
ரெண்டு பொண்ணுங்களோட அம்மா